கணக்கு டீச்சரும் மொழி டீச்சர்தான்

தேநீரை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், இது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். அமெரிக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகள் லட்சக்கணக்கில் படிக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களை எப்படித் தயார் செய்கிறார்கள், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். உங்கள் அக்கா மகனோ சித்தப்பா பேத்தியோ டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தால் இது உங்கள் வீட்டு விஷயமும்தான்.

அங்கே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். வீட்டுமொழிப் படிவம். குழந்தை முதலில் பேசப் பழகிய மொழி எது, வீட்டில் பெரியவர்கள் பேசுவது எது, குழந்தை அதிகம் பேசுவது எது என்று சில கேள்விகள். 'தமிழ்' என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள். அதில் குறைந்தால் 'ஆங்கிலம் கற்கும் மாணவர்' என்று பதிவு செய்வார்கள். 'ஐயோ, தமிழ் என்று எழுதாதீங்க, தனி வகுப்பில் போட்டுடுவாங்க' என்று நமக்கு முன்னால் அங்கே போனவர்கள் எச்சரிப்பது வழக்கம். படித்த குடும்பங்கள்கூட வீட்டில் பேசுவது ஆங்கிலம் மட்டுமே என்று எழுதிவிடுகின்றன.

அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் குவாதலூப்பே வால்தேஸ் 2001-இல் ஒரு நூல் எழுதினார். கலிபோர்னியாவில் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த, ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் சிலரைத் தொடர்ந்து கவனித்து எழுதிய நூல் அது. தனி ஆங்கில வகுப்பில் வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசும் தோழர்களும் கிடைக்கவில்லை, உருப்படியான பாடமும் கிடைக்கவில்லை என்பதை அவர் காட்டினார். ஆங்கிலம் கற்பிக்க ஏற்படுத்திய ஏற்பாடே ஆங்கிலத்திலிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்தது. ஆகவே படிவத்தில் என்ன எழுதுவது என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளை எந்த அறையில் உட்கார்ந்தாலும், அந்த அறையில் நிற்கும் ஆசிரியருக்கு என்ன தெரியும்?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 'ஆங்கிலம் கற்கும் மாணவர்' என்று பதிவானவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். பத்துப் பிள்ளைகளில் ஒருவர். டெக்சாஸ் மாநிலத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். நாலில் மூன்று பங்குப் பேரின் வீட்டுமொழி ஸ்பானிஷ். மீதிப் பேரில் அரபு, சீனம், வியட்நாமியம் என்று நூற்றுக்கணக்கான மொழிகள். இவர்கள் எல்லோரும் நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். ஆசிரியர்களிலோ பத்தில் எட்டுப் பேர் வெள்ளையர். ஆங்கிலம் தவிர வேறு மொழியில் வாழ்ந்து பார்க்காதவர்களே அதிகம்.

இந்தப் பிள்ளைகளுக்கென்று 'இஎஸ்எல்' ஆசிரியர் என்று ஒருவர் இருப்பார். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப் படித்தவர். பல பள்ளிகளில் பிள்ளை அவரிடம் இருப்பது நாளுக்கு ஒரு பீரியட். சில இடங்களில் அதுவும் தினமும் இல்லை. மீதி நேரமெல்லாம் கணக்கு டீச்சர், அறிவியல் டீச்சர், சரித்திர டீச்சர். பிள்ளையின் பள்ளி வாழ்க்கையின் பெரும்பகுதி இவர்கள் கையில் இருக்கிறது. இவர்களில் பலருக்கு ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் இரண்டாம் மொழியைப் பற்றி ஒரு தாள்கூட இருந்ததில்லை. 'மொழி என் வேலை இல்லை, அது இஎஸ்எல் டீச்சர் வேலை' என்று அவர்கள் நினைத்தால் குறை சொல்ல முடியாது. அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

இது சட்டப் பிரச்சினையாக ஆனது சான் பிரான்சிஸ்கோவில். அந்த நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேரை எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். 'எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடம், இதில் என்ன பாரபட்சம்?' என்பது நிர்வாகத்தின் வாதம். கின்னி கின்மன் லாவ் என்ற சிறுவனின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974 ஜனவரியில் நீதிபதிகள் எல்லோரும் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். வகுப்பில் நடப்பது புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிட்டுச் சமத்துவம் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தைக் கொண்டே அப்படி முடிவு செய்தார்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்றது, அவ்வளவுதான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு வழக்கு. தெற்கு டெக்சாஸில் ரேமண்ட்வில் என்று ஒரு சிற்றூர். மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்ஸிகோ வழிக் குடும்பத்தினர். பள்ளி நிர்வாகம் இருமொழிக் கல்வி நடத்துவதாகச் சொல்லிக்கொண்டது. காஸ்தனேதா என்ற தந்தை வழக்குப் போட்டார். 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இருமொழி வகுப்புகளுக்குள் எட்டிப் பார்த்தது. ஸ்பானிஷ் தெரியாத ஆசிரியர்களுக்கு 100 மணி நேரப் பயிற்சி கொடுத்து, சுமார் 700 சொற்கள் கற்பித்து, இருமொழி ஆசிரியர் என்று நிறுத்தியிருந்தார்கள். 700 சொற்களை வைத்துக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளைக்குப் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுக்க முடியுமா? பிள்ளைக்கே அதைவிட அதிகச் சொற்கள் தெரிந்திருக்குமே. அந்த ஆசிரியர்களின் மொழித்திறன் சந்தேகத்துக்குரியது என்று நீதிமன்றம் சொன்னது. ஸ்பானிஷ் தெரிந்த உதவியாளர்களைப் பக்கத்தில் நிறுத்துவது, பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு ஈடாகாது என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பு வகுத்த மூன்று சோதனைகளைத்தான் இன்றுவரை அமெரிக்காவில் பயன்படுத்துகிறார்கள். திட்டத்துக்கு அறிவார்ந்த அடிப்படை உள்ளதா? அதை நடத்தத் தேவையான ஆட்களும் பொருளும் உண்மையிலேயே தரப்பட்டிருக்கின்றனவா? கொஞ்ச காலம் கழித்துப் பிள்ளைகளிடம் பலன் தெரிகிறதா? இரண்டாவது கேள்வியில்தான் பல திட்டங்கள் விழுகின்றன. காகிதத்தில் திட்டம் அழகாக இருக்கும், நடத்த ஆசிரியர் இருக்கமாட்டார்.

இந்த ஆசிரியர் அப்படி என்னதான் கற்றுக்கொள்ள வேண்டும்? மாணவர்களின் மொழிகளையெல்லாம் கற்றுக்கொள்வதா? இருமொழி வகுப்பு நடத்துகிறவருக்குக் கட்டாயம் அந்த மொழி வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே வகுப்பில் ஸ்பானிஷ், அரபு, தமிழ், சோமாலி என்று பிள்ளைகள் இருந்தால் எந்த மனிதராலும் அத்தனையும் கற்க முடியாது. அவர் கற்க வேண்டியது வேறு. தன் பாடத்துக்குள்ளேயே ஒரு மொழி ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். 'துணி காஞ்சுபோச்சு', 'பானையில தண்ணி வத்திப்போச்சு' என்று நாலு வயதுக் குழந்தை சொல்லும். அதே விஷயம் அறிவியல் புத்தகத்தில் 'நீர் ஆவியாதலின் வேகம் வெப்பநிலையைச் சார்ந்தது' என்று வரும். நடந்த ஒரு செயல் பெயர்ச்சொல்லாக மாறிவிட்டது. செய்தது யார், எப்போது என்பதெல்லாம் மறைந்துவிட்டது. தமிழ்த் தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கே அந்த வாக்கியம் புதுமொழி. நாம் எல்லோரும் வீட்டுத் தமிழிலிருந்து பள்ளிக்கூடத் தமிழுக்கு ஏறிப் போனவர்கள்தான். ஆங்கிலத்திலும் இதேதான் நடக்கிறது. பேச்சு ஆங்கிலம் ஒன்று, பாடப்புத்தக ஆங்கிலம் ஒன்று. ஆங்கிலமே வீட்டுமொழியான ஆசிரியருக்கு இந்த இடைவெளி கண்ணில் படுவதில்லை, அவர் அதிலேயே வளர்ந்தவர். ஆகவே பயிற்சியின் முதல் வேலை, அதைக் கண்ணில் படவைப்பது.

டொராண்டோவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் 1979-இல் இந்த இரண்டையும் பிரித்துப் பேசினார். பேச்சு ஆங்கிலம் சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடத்தில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு ஈடாக நிற்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். இந்தப் பிரிவினைக்கு எதிர்ப்பும் உண்டு. வீட்டுப் பேச்சு தாழ்ந்தது, பள்ளிப் பேச்சு உயர்ந்தது என்ற எண்ணத்தை இது வளர்க்கிறது என்று சில ஆய்வாளர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. பானைத் தண்ணீர் வற்றியதைக் கவனித்துச் சொன்ன குழந்தையும் அறிவியல்தான் பேசியது. ஆனாலும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கு அந்தக் கால அளவு மிகவும் பயன்படுகிறது. விளையாட்டுத் திடலில் சரளமாகச் சண்டை போடும் பையன், சரித்திரத் தேர்வில் வெற்றுத்தாள் கொடுக்கிறான். 'இவனுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், சோம்பேறி' என்று தீர்மானித்துவிடுவது எளிது. இன்னொரு ஆசிரியர் 'இவனுக்கு மூளையில் ஏதோ குறை' என்று தீர்மானிப்பார்.

இரண்டாவது தீர்மானம் எவ்வளவு கொடுமையானது என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு வழக்கே இருக்கிறது. 'டயானா' வழக்கு என்பார்கள், 1970. மெக்ஸிகோ வழிக் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை வைத்து, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிஷ் தெரிந்தவர் மறுபடி சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. பிள்ளையை அவன் மொழியில் சோதிக்க வேண்டும் என்ற சமரசத்தோடு வழக்கு முடிந்தது. இன்றும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மொழிக் குறையை மூளைக் குறை என்பது ஒரு பக்கம். உண்மையிலேயே கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை 'ஆங்கிலம் வந்தால் சரியாகிவிடும்' என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது மறுபக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி, பிள்ளை தன் வீட்டுமொழியில் எப்படிப் பேசுகிறான், கதை சொல்கிறான், நினைவில் வைத்துக்கொள்கிறான் என்று பெற்றோரைக் கேட்பது. கேட்க வேண்டும் என்பதை ஆசிரியருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது கணக்கு வகுப்புக்குள் போவோம். கணக்கில் மொழிக்கு என்ன வேலை, எண் எல்லா நாட்டிலும் எண்தானே என்று நினைப்போம். ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்று ஒரு வாக்கியம் வருகிறது. காதில் விழும் வரிசையிலேயே எழுதினால் ஐந்து கழித்தல் எக்ஸ் என்றாகும். அது தவறு; எக்ஸ் கழித்தல் ஐந்து என்பதே சரி. ஆங்கிலமே பேசும் பிள்ளைகளும் இங்கே வழுக்கி விழுகிறார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'எக்ஸைவிட ஐந்து குறைவு.' எக்ஸ் முதலில் வருகிறது, ஐந்து பிறகு வருகிறது. எழுத வேண்டிய வரிசை அப்படியே வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்து, 'உன் மொழியில் இதைச் சொல்லிப் பார்' என்று டீச்சர் சொன்னால், பிள்ளை தன் மொழியைக் கொண்டே கணக்கைச் சரியாகப் போடும். டீச்சருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. தமிழுக்கு வகுப்பில் இடமுண்டு என்று தெரிந்தால் போதும்.

நல்ல பயிற்சி பெற்றவர்கள் பாடக்குறிப்பு எழுதும்போது இரண்டு குறிக்கோள்கள் எழுதுகிறார்கள். இன்று என்ன பாடம் என்பது ஒன்று. அந்தப் பாடத்துக்கு எந்த மொழிவேலை தேவை என்பது இன்னொன்று: ஒப்பிடுவதா, காரணம் சொல்வதா, வரிசைப்படுத்துவதா, மறுத்து வாதாடுவதா. ஆவியாதல் பாடம் என்றால், இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் வைத்து, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைக்கலாம். பிள்ளைகள் பார்க்கட்டும், தொடட்டும், பக்கத்தில் இருப்பவனோடு எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும். பிறகு கரும்பலகையில் 'நான் கவனித்தது...', 'இதற்குக் காரணம்...' என்று வாக்கியத் தொடக்கங்களை ஆங்கிலத்தில் எழுதிப் போடலாம். பிள்ளை மிச்சத்தை நிரப்பும். கடைசியில்தான் புத்தகத்தின் கடினமான வாக்கியம். அதற்குள் அதில் சொல்லப்படுவது என்ன என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

பல ஆசிரியர்கள் நல்ல எண்ணத்தோடு ஒரு தவறு செய்கிறார்கள். ஆங்கிலம் வராத பிள்ளைக்கு என்று பாடத்தையே சின்னதாக்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் ஆவியாதலைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, இவனுக்கு மட்டும் சூரியன் படத்துக்கு மஞ்சள் வண்ணம் அடிக்கும் தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது மூளை இருக்கிறது. மொழி வரவில்லை என்பதற்காக அதற்குப் பசி குறைந்துவிடவில்லை. பாடத்துக்குள் நுழையும் வழியை அகலமாக்க வேண்டுமே தவிர, பாடத்தைச் சுருக்கக் கூடாது. இதில் நான் சமரசத்துக்கு இடமே பார்க்கவில்லை.

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் வழக்கமாகச் செய்கிற ஒரு பயிற்சி உண்டு. பயிற்றுநர் உள்ளே வந்து, அங்கிருக்கும் யாருக்கும் தெரியாத ஒரு மொழியில் பாடம் நடத்துவார். கடகடவென்று பேசுவார், கேள்வி கேட்பார், பதில் வராவிட்டால் இன்னும் சத்தமாக அதையே கேட்பார். பட்டம் பெற்ற பெரியவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள், சிலர் எரிச்சலாகி விட்டுவிடுவார்கள். பிறகு அதே பாடத்தை அதே மொழியில் படம், பொருள், சைகை, எழுதிப்போட்ட சொல், ஜோடி வேலை எல்லாம் சேர்த்து நிதானமாக நடத்துவார். இப்போது பாதிக்கு மேல் புரியும். இந்த அனுபவத்துக்கு அப்புறம், வகுப்பில் மாதக்கணக்கில் வாயே திறக்காத பிள்ளையை 'அடம்' என்று சொல்ல அந்த ஆசிரியருக்கு நாக்கு வராது. புதுமொழியில் ஒரு மௌன காலம் உண்டு. வாய் பேசாவிட்டாலும் காது வேலை செய்துகொண்டிருக்கும்.

சத்தமாகச் சொன்னால் புரியும் என்று நினைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம் போலிருக்கிறது. நம் ஊருக்கு வேலைக்கு வந்த ஒடிசாத் தொழிலாளியின் பிள்ளையிடமும் அதைத்தான் செய்கிறோம்.

வீட்டுமொழி விஷயத்துக்கு வருவோம். பல காலமாக அமெரிக்க ஆசிரியர்கள் பெற்றோருக்குச் சொன்ன அறிவுரை, 'வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்' என்பது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் லில்லி வோங் ஃபில்மோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அறிவுரைக்கு என்ன விலை என்று காட்டியது. மிகச் சிறு வயதிலேயே ஆங்கில மழலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வீட்டுமொழியை விட்டுவிடுகிறார்கள். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை, பிள்ளைக்கு வீட்டுமொழி சரளமில்லை. பதின்ம வயதில் பிள்ளையோடு மனம்விட்டுப் பேச வேண்டிய நேரத்தில் பேசப் பொதுமொழி இருப்பதில்லை. ஒரு மொழியில் வாசிக்கக் கற்ற திறன் இன்னொரு மொழிக்கும் உதவுகிறது என்று ஆய்வுகள் பல சொல்லும்போது, இந்த இழப்புக்கு ஈடாகக் கிடைத்தது எதுவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான வழியை 1963-லேயே ஒரு பள்ளி காட்டிவிட்டது. மயாமியின் கோரல் வே தொடக்கப் பள்ளி. கியூபாவிலிருந்து அகதிகளாக வந்த பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். அரைநாள் ஸ்பானிஷ், அரைநாள் ஆங்கிலம். அந்தப் பள்ளியின் பலம் அதன் ஆசிரியர்கள் என்பது என் எண்ணம். அகதிகளாக வந்தவர்களில் கியூபாவிலேயே ஆசிரியர்களாக இருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை அமெரிக்க ஆசிரியர்களோடு சேர்த்து, இரண்டு பேரும் உட்கார்ந்து பாடத்தைத் திட்டமிட வைத்தார்கள். 700 சொல் பயிற்சி அல்ல, இரண்டு மொழியிலும் முழு ஆசிரியர்கள். ஏறக்குறைய இருபதாண்டு கழித்து ரேமண்ட்வில் தடுமாறிய இடத்தைக் கோரல் வே முன்பே கடந்திருந்தது.

அரிசோனாவின் டூசானில் லூயிஸ் மோல், நோர்மா கொன்சாலேஸ் முதலான ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் காட்டினார்கள். ஆசிரியர்களை மாணவர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அறிவுரை சொல்ல அல்ல, கற்றுக்கொள்ள. அந்த வீடுகளில் கட்டட வேலை, விவசாயம், வைத்தியம், வியாபாரம் என்று எவ்வளவு அறிவு இருக்கிறது என்று பார்த்துக் குறித்துவரச் சொன்னார்கள். 1992-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு மாணவன் வருகிறான். மெக்ஸிகோ மிட்டாய் கொண்டுவந்து அக்கம்பக்கத்தில் விற்கிறவன். அதைக் கவனித்த ஆசிரியர் மிட்டாயை வைத்தே ஒரு பாடத்தொகுதி அமைத்தார். மாணவர் ஒருவரின் தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார், பிள்ளைகள் விலை, சத்து, உற்பத்தி என்று கணக்கும் அறிவியலும் படித்தார்கள். 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று ஆசிரியர் ஓய்வறைகளில் சொல்லப்படும் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் அரசுகள் எப்படிக் கட்டாயமாக்கின? புளோரிடாவில் 1990-இல் நீதிமன்றத்தின் முன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தொடக்கப்பள்ளி ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் 300 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் 60 மணி நேரம். மாசசூசெட்ஸ் மாநிலம் 2002-இல் வாக்கெடுப்பின் மூலம் இருமொழி வகுப்புகளை ஏறக்குறைய ஒழித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் ஆங்கில வகுப்பில் உட்கார வைத்தது. அந்த ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி கட்டாயமில்லை என்று 2011-இல் மத்திய நீதித்துறை குற்றம் சாட்டியது. அடுத்த ஆண்டே மாநிலம் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பயிற்சி இல்லாமல் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, பத்தாண்டு கழித்து ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்கே போய்விட்டிருக்கும்.

கலிபோர்னியாவின் கதை இன்னும் வருத்தம் தருவது. 1998-இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கினார்கள். 2016-இல் அதே மக்கள் பெரும் ஆதரவோடு அந்தத் தடையை நீக்கினார்கள். ஆனால் நடுவில் பதினெட்டு ஆண்டுகள். இருமொழி ஆசிரியர்களை உருவாக்கிய கல்லூரிப் படிப்புகள் ஆள் இல்லாமல் மூடப்பட்டன, சுருங்கின. தடை நீங்கியதும் பெற்றோர்கள் இருமொழி வகுப்பு கேட்டார்கள், நடத்த ஆசிரியர் கிடைக்கவில்லை. சட்டத்தை ஒரே நாள் வாக்கெடுப்பில் மாற்றலாம். ஓர் ஆசிரியர் உருவாக ஆண்டுகள் வேண்டும்.

மணிக்கணக்கை நான் பெரிதாக நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 60 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்கினால் வகுப்பறையில் ஒன்றும் மாறாது. மாற்றம் எங்கே வருகிறது என்றால், இஎஸ்எல் ஆசிரியரும் பாட ஆசிரியரும் வாரம் ஒருமுறையாவது சேர்ந்து உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தின் மொழியைப் பிரித்துப் பார்க்கும் பள்ளியில். பயிற்சி மாணவர்கள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பிலேயே மாதக்கணக்கில் நின்று பழகும் கல்லூரியில். அந்த நேரத்தைச் சம்பளத்தோடு கொடுக்கும் நிர்வாகத்தில். இதற்குப் பணம் செலவாகும், அதனால்தான் பலர் மணிக்கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இனி நேராகச் சொல்கிறேன். படிவத்தில் வீட்டுமொழி தமிழ் என்றால் தமிழ் என்றே எழுதுங்கள். உங்கள் பிள்ளையை ஆங்கிலம் கற்கும் மாணவருக்கான திட்டத்தில் சேர்த்தால், கல்வியாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் பள்ளி உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் மறுப்பதற்கு முன் போய்க் கேளுங்கள். என் பிள்ளையின் வகுப்பாசிரியருக்கு இதில் என்ன பயிற்சி? இஎஸ்எல் ஆசிரியர் அவரோடு சேர்ந்து திட்டமிடுகிறாரா? தனி வகுப்புக்காக என் பிள்ளையை அறிவியல் பீரியடிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போகிறீர்களா? இந்த மூன்று கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்தால் பயப்படாமல் சேருங்கள். கிடைக்காவிட்டால், மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு மறுபடி போய்க் கேளுங்கள். வீட்டில் ஆங்கிலமே பேசச் சொல்லும் ஆசிரியர் யாராவது இன்னும் இருந்தால், அவரிடம் மரியாதையாக மறுத்துச் சொல்லிவிட்டு, இரவில் பிள்ளைக்குத் தமிழிலேயே கதை சொல்லுங்கள்.